இன்னொருத்தியின் குரல்

மருதமுனையில் முஸ்பிறாவைத் தெரிந்தவர்கள் பலருக்கும் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சரியாகத் தெரியாது. வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக்காரர்களோடு கதைக்கிறாள், அந்த அளவில்தான் தெரியும். அவளுடைய வேலை ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. டென்மார்க்கில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் கம்பனி, எந்த நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று மென்பொருள் எழுதுபவர்களை எடுத்துக்கொண்டிருந்தது. நைரோபியிலும் லாகூரிலும் பெல்கிரேடிலும் இருந்து விண்ணப்பங்கள் வரும். அவற்றை முதலில் சலித்து, முதல் நேர்காணலைச் செய்வது முஸ்பிறாதான்.

அந்த வேலைக்கு அவளைப் போல ஒருத்தி கிடைப்பது கஷ்டம். அவளுடைய வாப்பா கச்சிமுகம்மது நெல் வியாபாரி. சாக்கின் வாயில் தெரிகிற நெல்லை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. சாக்கின் நடுவில் குழாயைக் குத்தி எடுத்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றி வாய் திறப்பார். மகளுக்கும் அதே புத்தி. விண்ணப்பத்தில் ஒருவர் எதைப் பெரிதாக எழுதியிருக்கிறாரோ அதைத்தான் அவள் முதலில் கிண்டுவாள்.

அவளுடைய சந்தேகத்துக்குக் காரணங்கள் இருந்தன. ஒருவன் கேள்வியைக் கேட்டதும் கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டி எதையோ வாசித்துப் பதில் சொன்னான். இன்னொரு தடவை நேர்காணலில் ஒரு முகம் வந்து வென்றது, வேலை தொடங்கிய நாளில் வேறொரு முகம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பச் சொல்வாள், கமராவைச் சுழற்றி அறையைக் காட்டச் சொல்வாள், காதுகளையும் காட்டச் சொல்வாள்.

காதைக் காட்டச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு உள்ளே ஒரு கூச்சம் வரும். ஆறு வருடங்களுக்கு முன் இதே கம்பனி அவளை நேர்காணல் செய்தபோது, முக்காட்டுக்குள் காதில் மாட்டும் கருவி ஏதும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு பிர்கிட் என்ற பெண் அதிகாரி தனியாக இணைப்பில் வந்தார். அவருக்கு மட்டும் காட்டினாள். வேலை கிடைத்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவளுக்கு மறக்கவில்லை. மறக்காமலேயே மற்றவர்களிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் பினாங்கிலிருந்து லோகநாயகி என்ற பெண் நேர்காணலுக்கு வந்தாள். படம் கொஞ்சம் மங்கல். இணைப்பு சரியில்லை என்று முதலிலேயே மன்னிப்புக் கேட்டாள். முஸ்பிறா ஆங்கிலத்தில் தன் வழக்கமான கேள்வியைப் போட்டாள்: ஒரு பஸ்ஸில் கடைசி ஆசனம், இரண்டு பேர் ஒரே நொடியில் பதிவு செய்கிறார்கள், உங்கள் மென்பொருள் என்ன செய்யும்?

"முதல் வந்தவருக்காக ஆசனத்தைப் பூட்டிவைக்கலாம்," என்றது அந்தக் குரல். "ஆனால் பூட்டியவருடைய இணைப்பு அறுந்தால் அந்தப் பூட்டை யார் திறப்பது? அதனால் பூட்டுக்கு ஒரு ஆயுள் வைக்க வேண்டும். அது எவ்வளவு நேரம் என்பதுதான் கஷ்டமான கேள்வி. உங்கள் பயணிகள் பணம் கட்ட எவ்வளவு நேரம் எடுப்பார்கள்?"

திருப்பிக் கேள்வி கேட்கிறவர்கள் குறைவு. முஸ்பிறாவுக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதும் சந்தேகம் வந்தது. லோகநாயகியின் உதடுகளைக் கூர்ந்து பார்த்தாள். குரல் முடிந்த பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. இணைப்புப் பிந்தினால் அப்படித்தான் வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த பதிலின் நடுவில் ஒரு சங்கீதம் கேட்டது. தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்கும் முச்சக்கரவண்டியின் சங்கீதம். இலங்கையில் பிறந்த எவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அதன் மேலே ஒலிபெருக்கி ஒன்று சொல்லிக்கொண்டு போனது: "பெரியநீலாவணைக் கடற்கரைப் பகுதியில் நாளை காலை ஏழு மணிக்குத் துப்புரவுச் சிரமதானம் நடைபெறவுள்ளதால்..."

பட்டென்று சத்தம் அடங்கியது. பினாங்குப் பெண் வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

முஸ்பிறா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நன்றி சொல்லி நேர்காணலை முடித்தாள். பெரியநீலாவணை அவளுடைய வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கால் மணித்தியாலத்தில் அதே பாண் வண்டி அவளுடைய ஒழுங்கைக்குள் வந்தது. வண்டி ஓட்டும் இன்பாஸ் அவளைவிட இருபது வயது மூத்தவர். முஸ்பிறா கேற்றடிக்குப் போனாள்.

"இன்பாஸ் காக்கா, சிரமதானத்துக்கு அறிவிச்சிட்டு ஒரு வண்டி போனதே, அப்ப நீங்க எங்க நிண்ட?"

"நீலாவணையில, கடக்கரை றோட்டுல. காது அடைச்சுப் போச்சு தங்கச்சி. ஏன் கேக்கிறீங்க?"

"அந்தப் பக்கம் கொம்பியூட்டர்ல வேல செய்யிற ஆக்கள் இரிக்காங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் பாண் குடுக்கிற வீடு ஒண்டு இரிக்கி. செல்லத்தங்கம் அக்காட வீடு. மகள் எந்த நேரமும் அறைக்குள்ள இங்கிலீசில கதைச்சிட்டு இரிக்கிம். தனிய கதைக்குது எண்டு அக்கம்பக்கத்தில ஒரு மாதிரிச் சொல்லுற."

மாலையில் கடை பூட்டிவிட்டு வந்த கணவன் றினாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குக் கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை.

"வேணாமெண்டு ஒரு மெயில் போட்டா முடிஞ்சிது. அதுக்கு நீ ஏன் வீடு தேடிப் போற?"

"அந்தக் குரல் ஆருட எண்டு தெரியாம விடேலா."

"தெரிஞ்சு?"

அடுத்த நாள் பின்னேரம் றினாஸின் மோட்டார் சைக்கிளில் இருவரும் போனார்கள். அவன் றோட்டில் நின்றுகொண்டான்.

செல்லத்தங்கம் படலையைத் திறக்காமலே விசாரித்தாள். "ஆரு நீங்க? கணக்கெடுக்கவா வந்த?"

"இல்லம்மா. ஒங்கட மகளோட கொஞ்சம் கதைக்கணும். நான் மருதமுனை."

"அவளோட ஒங்களுக்கு என்ன கதை?" தாயின் பார்வை முஸ்பிறாவின் தலையிலிருந்து செருப்பு வரை இறங்கி, றோட்டில் நின்ற றினாஸில் போய் நின்றது. "பொலிசில இருந்தா?"

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். "ஆரும்மா?" என்றாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. முஸ்பிறா ஆங்கிலத்தில் சொன்னாள், "அந்தப் பூட்டுக்கு எவ்வளவு ஆயுள் வைக்கலாம் என்று நீங்கள் முடிவாகச் சொல்லவில்லை."

அந்தப் பெண் வந்து படலையைத் திறந்தாள். பிறகு தாயைப் பார்த்து, "விடுங்கம்மா, எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்," என்றாள்.

அவள் பெயர் தர்சிகா. இருபத்துமூன்று வயது. எதிரொலி வராமலிருக்க அறையின் சுவரெல்லாம் பழைய சீலைகளைத் தொங்கவிட்டிருந்தாள். முஸ்பிறா கதிரையில் உட்காரவில்லை.

"எத்தின பேருக்கு இப்பிடிக் கதைச்சிரிக்கிறீங்க?"

"பதினொரு பேர். அவங்கள ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தர் போன்ல எழுதுவார். 'சேர்' எண்டுதான் சொல்லுவன், முகம் கண்டதில்ல. அவர் லிங்க் அனுப்புவார், நான் கதைப்பன். வாயசைக்கிறது அவங்கட வேல."

"இது களவு எண்டு தெரியாதா?"

"தெரியும்." தர்சிகா குரலை உயர்த்தவில்லை. "ஒங்கட கம்பனிக்கு என்ட பேருல ரெண்டு தரம் போட்டன் அக்கா. ரெண்டு தரமும் அடுத்த நாளே வேணாமெண்டு மெயில் வந்த. ஒரு கேள்வியும் கேக்கல்ல. இன்னொருத்தியா வந்தாத்தான் கேக்கிறீங்க."

"கெம்பஸ் போகல்லயா?"

"ரெண்டு புள்ளி கொறஞ்சதால கிடைக்கல்ல."

முஸ்பிறா அவளை நம்பவில்லை. இப்படி ஒரு கதையைத் தயாராக வைத்திருப்பதும் அந்தத் தொழிலின் ஒரு பகுதியாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து பழைய விண்ணப்பங்களைத் தேடினாள். தர்சிகாவின் பெயரில் இரண்டு இருந்தன. பட்டம் இல்லாதவர்களை ஒதுக்கும்படி முஸ்பிறாவே வைத்திருந்த சல்லடையில் இரண்டும் விழுந்திருந்தன. மறுப்பு மெயிலின் அடியில் அவளுடைய கையொப்பம்.

லோகநாயகியின் நேர்காணல் மோசடி என்று அறிக்கை எழுதினாள். குரல் யாருடையது என்று எழுதவில்லை. ஒரு கிழமை கழித்து, பட்டம் இல்லாவிட்டாலும் தர்சிகாவைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று பிர்கிட்டுக்கு எழுதினாள்.

பிர்கிட் முதலில் கேட்டது: "உங்கள் சொந்தக்காரியா? விலாசம் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறதே."

இல்லை என்று எழுதினாள். அது உண்மைதான். ஆனாலும் அனுப்பிய பிறகு அவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. முஸ்பிறா ஒதுங்கி நிற்க, வேறு இருவர் தர்சிகாவை மூன்று தடவை நேர்காணல் செய்தார்கள். அறையைக் காட்டச் சொன்னார்கள், தலைமயிரை ஒதுக்கிக் காதைக் காட்டச் சொன்னார்கள். ஆறு மாதப் பரீட்சார்த்த வேலை கிடைத்தது.

அந்த மாதங்களில் முஸ்பிறா அவளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எத்தனை மணிக்கு வேலையில் இருக்கிறாள், எப்போது காணாமல் போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் பதிலே இல்லை. உடனே அழைத்தாள்.

"எங்க போன? இன்னும் அந்த ஆளுக்குக் கதைக்கியா?"

"அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அக்கா. கல்முனையிலதான் இரிக்கன். நம்பாட்டி வீடியோ போடுறன்."

போடு என்ற சொல் முஸ்பிறாவின் வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

நான்காம் மாதம் தர்சிகாவே வீட்டுக்கு வந்தாள், முன்னறிவிப்பில்லாமல். போனை நீட்டினாள். அந்தச் 'சேர்' எழுதியிருந்தான்: திரும்ப வேலைக்கு வராவிட்டால், லோகநாயகிக்காக அவள் கதைத்த பதிவைக் கம்பனிக்கு அனுப்புவேன்.

"நான் வேலய விட்டிட்டுப் போறன்," என்றாள் தர்சிகா. "ஒங்களையும் மாட்டி விடேலா."

முஸ்பிறா அந்தச் செய்தியை மூன்று முறை வாசித்தாள். இதுவும் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலையோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த உடனே வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் எல்லோருடைய முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் தானே ஒன்றை மறைத்து வைத்திருந்தாள்.

"இரி. தேத்தண்ணி குடி," என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னாலேயே பிர்கிட்டை அழைத்தாள். பாண் வண்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கையில் விட்டதையும் சொன்னாள்.

"இதை நீங்கள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்," என்றார் பிர்கிட்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. முஸ்பிறாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. இனி அவள் தனியாக யாரையும் நேர்காணல் செய்ய முடியாது, கோப்பன்ஹேகனிலிருந்து ஒருவர் கூட இருப்பார். தர்சிகாவின் பரீட்சார்த்தக் காலம் முதலிலிருந்து தொடங்கும். பட்டம் கேட்கும் சல்லடையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே சிறு பரீட்சை வைக்கும்படியும் எழுதியிருந்தது. அந்தச் 'சேர்' பதிவை அனுப்பினானா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

"நல்லா வந்திச்சு," என்றான் றினாஸ். "இப்ப ஒன்னப் பாக்க ஒராள் போட்டிரிக்காங்க."

"பாக்கட்டும்," என்றாள் முஸ்பிறா. ஆனால் அது அவளைக் குத்தத்தான் செய்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தர்சிகா அதைக் கேள்விப்பட்டு அழைத்தாள். "என்னாலதானே அக்கா?"

"ஒன்னாலயும்தான், என்னாலயும்தான். அந்தப் பரீட்சைக்குக் கேள்வி எழுதணும். நாலு எழுது. பாத்து வாசிக்க ஏலாத மாதிரி எழுது."

தர்சிகா அடுத்த நாள் ஏழு கேள்விகள் அனுப்பினாள். முஸ்பிறா ஒவ்வொன்றாக இணையத்தில் தேடிப் பார்த்தாள், எங்கிருந்தாவது எடுத்திருப்பாளோ என்று. எங்கும் கிடைக்கவில்லை. ஐந்தைத் தெரிந்தெடுத்தாள்.