எதில் மாட்டப் போறீங்க?

1. கேத்தன் கொண்டுவந்த செய்தி

மத்தியானக் கூட்டம் குறைந்ததும் முதலாளி கேத்தன் என் மேஜைக்கு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் குஜராத்திக்காரர், எங்களுக்குள் ஆங்கிலம்தான். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க கஸ்டமர் சாம் அந்த காப்பர் டியூப்பை வாங்கிட்டுப் போயிட்டார். ரொம்ப நாளா விக்காம கிடந்துச்சே, அது."

"எப்போ?"

"நீங்க இங்க அவருக்கு காயில் கட்டிட்டு இருந்தப்பதான். புது பாட்டரியும் கொடுத்தேன்."

"நான் கட்டிக் கொடுத்ததையா அதுல மாட்டப் போறார்?"

"ஆமா. லேடி எப்பவும் செக் பண்ணித்தான் குடுப்பாங்கன்னு சொன்னாரே."

செக் பண்ணினது உண்மைதான். ஆனால் நான் பார்த்தது பாக்ஸுக்கு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக விளக்கிச் சொல்கிறேன். ரிச்சர்ட்சன் என்ற ஊரில் வேப், அதாவது மின்சிகரெட், விற்கும் ஒரு கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து காந்தல் என்ற சூடேறும் கம்பியைச் சுற்றி காயில் செய்வது என் வேலை. மூன்று மில்லிமீட்டர் தண்டின்மேல் ஏழு சுற்று. அப்படி இரண்டு காயிலை அட்டமைசர் என்ற, வாயில் வைக்கும் தலைப்பகுதியில் பூட்டி, மின்தடை பார்க்கும் ஓம் மீட்டரில் அரை ஓம் காட்டுகிறதா என்று பார்த்து, நடுவே புகைத் திரவம் ஊறும் பஞ்சை நுழைத்துக் கொடுப்பேன். அட்டமைசரின் அடியில் நட்டநடுவே ஒரு பின் இருக்கும். அட்டமைசரை மாட்டுகிற, பாட்டரி உள்ள பாக்ஸ் என்கிற கருவிக்கு அந்தப் பின்னை உள்ளே அடக்கி வைப்பேன், இல்லையென்றால் அது பாக்ஸின் ஸ்பிரிங்கை அழுத்திக் கெடுத்துவிடும். பாக்ஸுக்குள் ஒரு போர்டு இருக்கிறது. எங்கேயாவது ஷார்ட் ஆனால் அதுவே கரண்டை நிறுத்திவிடும்.

டியூப்பில் போர்டு கிடையாது. வெறும் குழாய், ஒரு பாட்டரி, ஒரு பட்டன், அவ்வளவுதான். பாட்டரியின் தலை நேராக அட்டமைசரின் அடியில் முட்டும். அதனால் அங்கே பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடங்கியிருந்தால் பாட்டரி சுற்றியுள்ள உலோகத்தைத் தொட்டுவிடும். பட்டனை அமுக்கினால் ஷார்ட், பாட்டரி கையிலேயே வெடிக்கும். அமுக்குகிறவர் அதை வாயில் வைத்துக்கொண்டுதான் அமுக்குவார்.

2. சாமும் வீயும்

அவர் பெயர் சாம் இல்லை, சேவியர். எங்கள் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு வரும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையது. சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். சிகரெட்டை விட்டதும் உண்மைதான், எங்கள் கடைக்கு வந்துதான் விட்டார். அந்தப் பாதியை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

நான் மட்டும் யோக்கியமா? கிண்டியில் டிரான்ஸ்பார்மர் சுற்றியவள் நான். இங்கே வந்து ஒரு டெலிகாம் கம்பெனியில் போர்டு சால்டர் பண்ணினேன். லே ஆஃப் ஆனபின் கிடைத்தது இந்த வேலை. சர்ச்சில் கேட்பவர்களிடம், "எலக்ட்ரானிக்ஸ்லதான் இருக்கேன்" என்பேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அவர் முதல் தடவை கடைக்குள் வந்து என்னைப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் முகம் செத்துவிட்டது. அவர் சட்டென்று ஆங்கிலத்தில், "ஹாய், ஐ ஆம் சாம்" என்றார். நானும் விடாமல், "ஹாய், ஐ ஆம் வீ" என்றேன். விமலா என்று பெயர் வைத்த என் அப்பா கேட்டிருந்தால் நொந்துபோயிருப்பார். அன்றிலிருந்து கடையில் நாங்கள் முன்பின் தெரியாதவர்கள், ஒரு வார்த்தை தமிழ் கிடையாது. அவர் கார்டு தேய்க்க மாட்டார், நம்பர் தர மாட்டார், பாக்ஸையும் கொண்டுவர மாட்டார். அட்டமைசரை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தால் "நல்லாருக்கியாம்மா?" என்பார். "நல்லாருக்கேன் அண்ணே" என்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான். அட்டமைசரைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவர், நான் கட்டி முடித்ததும் வந்தார். "சேம் செட்டப்?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இந்தியன் கடை வாசலில் சர்ச் ஆட்களின் வேன் ஒன்று வந்து நின்றது. அவர் கண் அதிலேயே இருந்தது. "சேம், சேம்" என்றபடி பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார். தெரிந்த மனிதராக அவர் நின்றிருந்தால் ஒரு நிமிஷம் பேசியிருப்போம். "விமலா, புதுசா ஒண்ணு வாங்கிருக்கேன், பாரேன்" என்று எடுத்துக் காட்டியிருப்பார். சாம் எதைக் காட்டுவார்?

3. ஸ்டெல்லா அக்காவின் நம்பர்

அடுப்பை அணைத்தேனா என்று ஃப்ரீவேயிலிருந்து திரும்பிப் போகிற ரகம் நான். அப்படிப்பட்டவளுக்கு இது நிஜமாகவே நடந்துவிட்டது. ஓடும் காரில் ஒரு கையால் அமுக்குவாரோ? வீட்டுக்குப் போய் அமுக்குவாரோ? மைக் முன்னால் திறக்கும் அந்த வாய்தான் கண்முன் வந்து வந்து நின்றது.

அவர் நம்பர் என்னிடம் இல்லை. மாதர் ஜெபக் குழுவில் ஸ்டெல்லா அக்காவின் நம்பர் இருந்தது. அந்தப் பெயர்மேல் விரலை வைத்தேன், எடுத்தேன். கூப்பிட்டால் அவர் குட்டு உடையும், கூடவே என் குட்டும் உடையும். ஒருவேளை அவர் பின்னைக் கவனித்திருந்தால்? ஒன்றுமே ஆகாமல், ஒரு குடும்பத்தில் சண்டை மூட்டியவள் என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சினால்? இப்படியெல்லாம் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. யோசித்துக்கொண்டே கூப்பிட்டும் விட்டேன்.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார்.

"விமலா! என்னம்மா, வேலை நேரத்துல?"

"அக்கா, அண்ணன் எங்க?"

"இப்பதான் வந்தார். கராஜ்ல இருக்கார், புல்லு வெட்டற மோவர் ரிப்பேராம். ஏன்?"

"அக்கா, போனோட கராஜுக்குப் போங்க. அவர் கையில ஒரு காப்பர் குழாய் இருக்கும். பட்டன அமுக்க வேணாம்னு சொல்லுங்க. ஓடுங்கக்கா."

"என்ன குழாய்? நீ என்ன பேசற?"

"வேப் அக்கா. எங்க கடையில வாங்கினார். வெடிச்சிரும். ப்ளீஸ், ஓடுங்க!"

"உங்க கடையா?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது, கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏங்க! அதக் கீழ வைங்க! வைங்கன்னு சொல்றேன்ல!" என்ற கத்தல். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது நான் எந்தப் புனிதரைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டிருப்பேன்.

போனில் அண்ணன் குரல் வந்தது. ஆங்கிலம் இல்லை.

"விமலா... இன்னும் அமுக்கலம்மா. மாட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். பஞ்சு நல்லா ஊறட்டும், அதுவரைக்கும் அமுக்காதீங்கன்னு நீதான எப்பவும் சொல்லுவ?"

புதுப் பஞ்சு காய்ந்திருக்கும்போது அமுக்கினால் கருகி நாறும். அதற்காக எல்லோரிடமும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லும் வார்த்தை அது. பாட்டரியை எப்படிக் கழற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கழற்றித் தனியாக வைத்துவிட்டார் என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

4. அதற்குப் பிறகு

நான் பயந்தது பாதி நடந்தது. ஜெபக் குழுவில் இரண்டு பேர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி, "புகை விக்கிற கையால அப்பம் பரிமாறணுமா?" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். வலித்தது, இன்னும் வலிக்கிறது.

அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து அந்தக் காப்பர் டியூப்பை டொக்கென்று வைத்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

"இது எங்க வீட்டுக்கு வேணாம். அந்தப் பழைய பாக்ஸ் டப்பாவே போதும். அதுக்கு ஏத்த மாதிரி கட்டிக் குடு."

"அக்கா, உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இல்லாம? ஒரு வாரமா நான் அவர்கிட்டப் பேசல." என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "ராத்திரி அவர் இருமற சத்தம் நின்னே ரொம்ப நாளாச்சு விமலா. ஜெபம் பலிச்சிருச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீதான்னு ஏன் சொல்லல?"

அக்கா திரும்பி வாசலைப் பார்த்துக் கடை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்: "ஏங்க! கார்லயே எவ்ளோ நேரம் ஒளிஞ்சிருப்பீங்க? உள்ள வாங்க, நம்ம விமலாதான்."

அண்ணன் தலையைக் குனிந்தபடி வந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டமைசரை எடுத்து வைத்தார். பழக்கதோஷத்தில் என் வாயில் "சேம் செட்டப்?" என்று வந்துவிட்டது. அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

இந்த மேஜைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுற்று எண்ணத் தெரிந்தால் போதாது, மீட்டர் பார்க்கத் தெரிந்தால் போதாது. கருவியைக் கண்ணால் பார்க்காமல் கட்டாதீர்கள். எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்தால் தெரியாத மாதிரி நிற்காதீர்கள்.

"அண்ணே, எதுல மாட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் மற்றொரு பையிலிருந்து பாக்ஸை எடுத்து, முதல் தடவையாக, என் முன்னால் வைத்தார்.