பட்டை போட்ட பீங்கான்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த உத்தியோகம், காலையில் டீக்கடையில் உட்கார்ந்து செய்தித்தாளின் வணிகப் பக்கத்தை உரக்கப் படிப்பது. ஒரு நிறுவனம் தன் ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியதும் பங்கு விலை ஏறியது என்று செய்தி வரும். மீதிப் பேரையும் அனுப்பிவிட்டால் வானத்தைத் தொடுமே, ஏன் தயங்குகிறார்கள் என்பேன். நடைமுறையை எளிமையாக்கப் புதிய இணையதளம் என்று இன்னொரு செய்தி வரும். முன்பு எளிமையாக்கிய மூன்று தளங்களிலும் பதிவு செய்தவர்கள் மட்டும் இதில் நுழையலாம் என்பேன். கடைக்காரர் சிரித்து இன்னும் அரை டம்ளர் ஊற்றுவார்.

அன்றைக்கு நான் படித்தது, சூளையின் சூட்டைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் ஒரு செயற்கை அறிவுக் கருவியைப் பற்றி. கண் என்றால் கேமரா. அதைக் கண்டுபிடித்த இளைஞர்களுக்கு யார் யாரோ கோடிகளைக் கொட்டியிருந்தார்கள்.

"சார், ஊர் சேதியெல்லாம் படிக்கிறீங்க. எங்க வயித்துல அடிக்கிற சேதிய மட்டும் வுட்டுட்டீங்களே" என்றார் ஓர் அம்மா.

எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை நடத்துகிறார். மின்கம்பத்தில் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்குமே, இன்சுலேட்டர் என்கிற வெள்ளைப் பீங்கான், அதைச் செய்கிற பட்டறை. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அவர் சொன்ன சேதி, அடுத்த மாதம் முதல் தர முத்திரை இல்லாத இன்சுலேட்டரை விற்கக் கூடாது என்ற புதிய விதி.

"அடுத்த மாசத்துலேர்ந்து முத்திரை இல்லன்னா ஒரு பீஸ்கூட எடுக்க மாட்டேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள வாங்கலன்னா சூளைய அணைச்சுட்டு எல்லாரையும் வூட்டுக்குப் போவச் சொல்லணும். நீங்கதான் பாரம் எழுதறதுல புலின்னு சொல்றாங்க."

புலி என்று சொன்னது என் மனைவியாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதில் உண்மை உண்டு. இயற்பியல் படித்துவிட்டு, முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசின் தொழில் துறை அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் எந்த மேசையில் அது தூங்கும் என்று தெரியும். விண்ணப்பத்தை நானே இணையத்தில் ஏற்றினேன். பட்டறையின் இருப்பிடத்தைக் குறித்தபோது வரைபடம் அதை மணிமுத்தாற்றின் நடுவில் காட்டியது. நான்கு முறை முயன்று கரையேற்றினேன்.

அடுத்து, ஒரே சூளையில் வெந்த ஏழு மாதிரிகளைச் சென்னை அருகே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சூளையைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி அவற்றை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்து வைத்திருந்தார். நான் போய் நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, முடிச்சுக்கு முடிச்சு முத்திரை வைத்தேன். அரக்கு வைக்கச் சொல்லி விதியில் இல்லை. எனக்குப் பழக்கம். பெட்டியைத் திறந்து பார்ப்பது மட்டும் எனக்குப் பழக்கமில்லை.

பத்து நாளில் பெட்டி திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: "மாதிரிகளில் ஒன்று மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது."

திறந்தோம். ஆறு பீங்கான்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஏழாவதன் நெற்றியில் மூன்று பழுப்புக் கோடுகள், திருநீற்றுப் பட்டை போல.

"இது என்னா மேஸ்திரி?" என்றார் அந்த அம்மா, பதில் தெரிந்த குரலில்.

"சாமி பீஸும்மா."

ஒவ்வொரு முறை சூளை அடுக்கும்போதும் முதல் பீங்கானுக்குச் செங்காவியைக் குழைத்து மூன்று விரலால் பட்டை இழுத்து, அதன்மேல் பூச்சு கொடுத்து வைப்பது மேஸ்திரியின் வழக்கம். அது விற்பனைக்குப் போகாது. சூளைக்குப் பின்னால் பலகையில் வரிசையாக நிற்கும்.

"விற்கக் கூடாதத ஏன் பெட்டியில வெச்சீங்க?" என்றேன்.

"பட்டணம் போவுது, கரண்டு குடுத்துப் பாப்பாங்கன்னீங்க. சாமி கூடப் போனா மத்த ஆறையும் அது பாத்துக்கும்னு வெச்சேன். நீங்களும் கோயில் உண்டியல் மாதிரி சீல் வெச்சீங்களே சார், தெரிஞ்சுதான் வைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

விதிகளை எடுத்து மறுபடி வாசித்தேன். பெட்டி திரும்பிய ஒரு வாரத்துக்குள் விண்ணப்பதாரர் நேரில் வந்தால், அதே சூளையில் வெந்த வேறு மாதிரியை ஒரு முறை மாற்றித் தரலாம். அந்தச் சூளையின் பீங்கான்கள் ஏற்கெனவே விலை போயிருந்தன. பட்டறையைத் துழாவியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. அந்த ஒரு வாரத்தின் கடைசி நாள் காலை ரயிலில் மூவரும் கிளம்பினோம். ஏழு வெள்ளைப் பீங்கான்களோடு பெட்டி மேல் தட்டில் இருந்தது. சாமி பீஸை மேஸ்திரி மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார்.

"இத எதுக்குத் தூக்கிக்கிட்டு வரீங்க?" என்றேன்.

"தனியா வுட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

மகள் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுபோன ஒருவர் அதை எங்கள் பெட்டியின் மேல் வைத்தார். எங்கள் பக்கத்துப் பலாவின் எடையை நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டு தாண்டி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் பழமும் பெட்டியும் சேர்ந்து கீழே விழுந்தன. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பீங்கானின் விளிம்பு பெயர்ந்திருந்தது.

அந்த அம்மா பெயர்ந்த சில்லைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆய்வகத்தில் எங்களைப் பார்த்தவர் இளம் பொறியாளர். என் மகள் வயது இருக்கலாம். ஆறை எண்ணினார். "ஏழாவது?" என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் பையைப் பார்த்தேன். அவர் சாமி பீஸை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைத்தானே திருப்பி அனுப்பினோம்?" என்றார் பொறியாளர். "இதுல மட்டும் ஏன் கோடு?"

பக்தியைக் காரணமாகக் காட்டி எந்தக் கோப்பும் நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை. வேறு ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"அதுதாம்மா சூளைக்குக் கண்ணு. சூடு பத்தலன்னா கோடு செவப்பாவே நிக்கும். பதமா வெந்தா இந்த மாதிரி பழுப்பு. மிஞ்சிப் போச்சுன்னா கருத்து ஓரத்துல வழிஞ்சுடும். மொதல்ல இதத்தான் எடுத்துப் பாப்பேன். கோடு சரியில்லன்னா அந்தச் சூளை மொத்தத்தையும் கழிச்சுடுவேன்."

பொறியாளர் பீங்கானை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். செங்காவி என்பது இரும்புத் துரு. வெப்பம் ஏற ஏற அதன் நிறம் மாறும் என்று கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். பலகையில் வரிசையாக நின்ற பட்டைகளைப் பட்டறைக்குப் போனபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கும்பிடத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பலகை, ஒவ்வொரு சூளையின் வெப்பத்தையும் அழியாமல் எழுதி வைத்த பதிவேடு. கோடிகளைக் கொட்டிய கேமராச் செய்தியை நான் உரக்கப் படித்த காலையில், அது அங்கே கால் மைல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த உட்பிரிவு நினைவுக்கு வந்தது. "ஒவ்வொரு தொகுதிக்கும் அழியாத அடையாளக் குறி இருக்க வேண்டும் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது" என்றேன். "ஒரு சூளை என்பது ஒரு தொகுதி. அப்படிப் பார்த்தால் குறையுள்ளது இந்த ஒன்றல்ல, குறியில்லாத அந்த ஆறும்தான்."

அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "சார், இருக்கறதயும் கெடுத்துடாதீங்க."

பொறியாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நீண்ட நேரம் புரட்டினார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இதுதான் உங்க தொகுதிக் குறின்னு எழுதிக் கொடுங்க. இனிமே எல்லா பீஸ்லயும் இது இருக்கணும். அப்படின்னா இதையே ஏழாவதா சேர்த்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். என் பணிக்காலம் முழுவதிலும் அவ்வளவு உண்மையான ஓர் உறுதிமொழியை நான் வரைந்ததில்லை.

மற்ற ஆறையும் மாலைக்குள் முடித்துவிட்டார்கள். கடைசியில் ஏழாவது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அதை இரும்புச் சட்டத்தில் மாட்டி, தலையில் மின்கம்பியை இணைத்தார்கள். மேலே குழாய்களிலிருந்து செயற்கை மழை சாய்வாகப் பெய்தது. விளக்குகளை அணைத்தார்கள். மின்னழுத்தம் ஏற ஏற ஓர் இரைச்சல், ஆயிரம் வண்டுகள் ஒரே டப்பாவுக்குள் அடைபட்டது போல. பிறகு பீங்கானின் விளிம்பில் ஊதா நிறத்தில் ஓர் இழை தோன்றியது. நீர்த்துளி சொட்டும் இடமெல்லாம் அது தாவியது, கீழே இறங்க வழி தேடியது, கிடைக்காமல் மேலே ஏறியது. அந்தக் கம்பியில் ஒரு தெருவையே எரித்துவிடக்கூடிய விசை நின்றது. அதற்கும் தரைக்கும் நடுவே, எங்கள் ஊர்ச் சூளையில் வெந்த, உள்ளங்கை அளவு மண்.

ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது விதி. விதிகளில் எத்தனையோ நிமிடங்களைப் படித்திருக்கிறேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா வாய்க்குள் எண்ணினார். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இரைச்சல் நின்றது. விளக்கு வந்தது. பீங்கான் நனைந்து, பளபளவென்று, பட்டையோடு அப்படியே இருந்தது.

"தாங்கிடுச்சு" என்றார் பொறியாளர், படிவத்தில் குறித்தபடி. அவருக்கு அது அன்றைய பல சோதனைகளில் ஒன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையின் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன், அவை எதைப் பற்றிய கோப்புகள் என்று அன்றுதான் கண்டேன்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு முத்திரை வந்தது. சூளை அணையவில்லை. என் மனைவி மட்டும், "அரக்கு வெச்சதாலதான் கெடச்சுதுன்னு டீக்கடையில சொல்லிக்கிட்டு இருக்கீங்களாமே" என்றாள். நான் சொல்லவில்லை. கடைக்காரர் சொல்லியிருப்பார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பட்டறைக்குப் போனேன். அடுக்கக் காத்திருந்த எல்லாப் பீங்கான்களுக்கும் மூன்று கோடு இழுத்திருந்தது. உறுதிமொழி கொடுத்தாயிற்றே. எனக்கு ஒரு கவலை வந்தது.

"எல்லாத்துக்கும் பட்டை போட்டுட்டீங்க. இதுல சாமி பீஸ் எது மேஸ்திரி?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, சூளையின் வாயருகே இருந்த ஒன்றைக் காட்டினார். அதில் நான்கு கோடுகள்.

"பேப்பர்ல எழுதிடாதீங்க சார்" என்றார்.

விதிப்படி அது குறி மாற்றம். முன்னனுமதி வாங்க வேண்டும். படிவம் உண்டு, எண்கூட எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெருக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. மேலே புதிதாக மாட்டிய பீங்கானில் மூன்று கோடுகள் தெரிந்தன. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. நான் எங்கும் எதையும் எழுதவில்லை.