வெடி போடாத ஊரில் ஒரு தலைத்தீபாவளி

பட்டாசு 'சீசன்' சூடுபிடித்துவிட்டால் அம்மாவின் சேலையில் மருந்து வாடை ஏறிவிடும். துவைத்துக் காயப்போட்டாலும் போகாது. சிவகாசிக் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போகிற ஊர் எங்களுடையது. ஊர் உலகமெல்லாம் வெடிக்கிற சரத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் பின்னினார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஓர் 'ஓலைவெடி' கூட வெடித்ததில்லை.

காரணம், கண்மாய்க்கரை ஆலமரம் நிறையத் தொங்கிய வௌவால்கள். எப்போதோ ஒரு கல்யாணத்து வெடிக்குக் கலைந்துபோன கூட்டம் மாதக்கணக்கில் திரும்பவில்லையாம். அன்றைக்கு ஊர்கூடி வைத்த கட்டுப்பாடு அது. பலகாரக் கடைக்காரன் வீட்டில் சர்க்கரை வியாதி மாதிரி என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள்.

அந்தக் கேலிக்குப் பயந்துதான், அக்கா செல்விக்கு நாரணாபுரத்தில் மாப்பிள்ளை பேசியபோது, அப்பா இந்த விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டார். மாப்பிள்ளை பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தலைத்தீபாவளிக்கு 'பத்தாயிரம் வாலா' சரத்தோடு வந்து இறங்கினார் அத்தான்.

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அதைத் தெருவில் நீளமாக விரித்தார். இரைக்குப் போன வௌவால்கள் மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். புது மாப்பிள்ளையைத் தடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஈரத்தலையோடு அக்காதான் இறங்கிப்போய், திரிமுனையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி செல்வி, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். இங்கன வெடிக்க மாட்டோம்ங்க, வௌவா கலைஞ்சுரும். ஒங்க ஊர்ல போயி எம்புட்டு வேணாலும் வெடிப்போம்."

"அப்ப நீ ஒன் வௌவாலோடயே இரு."

சரத்தைச் சுருட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டார். கார்த்திகை, மார்கழி முழுக்க அக்கா எங்கள் வீட்டிலேயே கிடந்தாள். எனக்கு அந்த மரத்தைப் பார்க்கவே ஆத்திரமாக வரும். ஆனால் ஊர்ப் பெண்கள் அவளைக் கைவிடவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நாரணாபுரம் போய் அத்தான் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். "எங்க ஊருக்காகப் பேசுன பிள்ளை அவ, மாப்ள. கோவமிருந்தா எங்களை ஏசுங்க, அவளைக் கூட்டிக்கிடுங்க" என்றார்களாம். தை பிறந்ததும் அவர் வந்து அழைத்துப் போனார்.

இன்று அந்த மரம் இல்லை. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள், ஊர் மறித்து நின்றும் கேளாமல், அறுத்துப் போட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் வெடிச்சத்தம் வராமல் காவல் இருந்த எங்களுக்கு, ரம்பத்தை நிறுத்தும் வழி தெரியவில்லை.

மரத்தை அறுத்த பிறகு, போன தீபாவளிக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். விடியற்காலையில் எங்கள் தெருவில், நான் அறிய முதல்முறையாக, யாரோ ஒரு சரத்தைக் கொளுத்தினார்கள். படுத்திருந்த அத்தான் பதறி எழுந்து, "ஏலே, நிறுத்துங்கலே!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பின்னாலேயே போன அக்கா, கண்மாய்ப் பக்கம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். சரம் முழுக்க வெடித்து ஓய்ந்தது. வானத்தில் ஒரு வௌவால்கூடக் கலையவில்லை.