முத்து முத்தான கையெழுத்து

இது நடந்தது அறுபதுகளின் கடைசியில். அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில், தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். தொழிற்சாலைகள் எதுவும் வந்திராத காலம். சுற்றிலும் வயலும் சவுக்குத் தோப்பும்தான். நைனாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் வேலை. அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போவாள். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சொந்தத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் என் அண்ணன். ஒரிஸ்ஸாவில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்து, ஆடி மாதம் ரயிலேறினான். படிப்பு உபகாரச் சம்பளத்தில் நடந்ததால் நாங்கள் அனுப்ப வேண்டியது கடிதம் மட்டும்தான். அம்மாவுக்கும் நைனாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வருகிற கடிதத்தைப் படித்துக் காட்டுவதும், பதில் எழுதுவதும் என் வேலை.

அண்ணன் நாலு வரிக்கு மேல் எழுத மாட்டான். நலம், படிப்பு நடக்கிறது, மழை பெய்கிறது, மற்றவை பின்னர். எழுத்தோ கோழி கிளறினது போலிருக்கும். மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. பட்டறை வகுப்பில் விரலில் அடிபட்டுவிட்டது, அதனால் கையெழுத்து மாறியிருக்கும், பயப்பட வேண்டாம் என்று அதில் இருந்தது. படிக்கும்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. விரலில் அடிபட்டவன் எழுத்து கோணலாகத்தானே இருக்க வேண்டும்? அது முத்து முத்தாக, அச்சடித்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு கடிதங்கள் நீளமாக வர ஆரம்பித்தன. அம்மாவின் கால் வலி எப்படி இருக்கிறது, நைனா வெயிலில் குடை பிடிக்கிறாரா, எனக்குக் கணக்கு வருகிறதா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருப்பான். என் அண்ணன் என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியவன் இல்லை. கடிதத்தில் இருந்தவன் பேசினான். தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன்.

ஒரு கடிதத்தில், 'நம் வீடு கண்ணுக்குள் மங்கிக்கொண்டே போகிறது. கிணறு எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலையில், எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு' என்று இருந்தது. ஒரு வருடத்துக்குள் யாருக்காவது சொந்த வீட்டுக் கிணறு மறக்குமா? ஆனால் நான் வரைந்து அனுப்பினேன். நைனா படுக்கும் கயிற்றுக் கட்டிலைக்கூட விடாமல் வரைந்தேன். இன்னொன்றில் எள்ளுருண்டை தின்ன ஆசையாக இருக்கிறது என்று வந்தது. அண்ணன் எள்ளுருண்டையைத் தொடவே மாட்டான். அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, வேற்றூர்ப் பசி எதையும் தின்ன வைக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கோடை விடுமுறைக்கு அவன் வரவில்லை. பயிற்சி இருக்கிறதாம். அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"நல்லாதாண்டி பேசுறான். ஆனா யாரோ பேசுற மாரி கீது" என்றாள்.

அன்றைக்குத்தான், நாமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற பேச்சு வீட்டில் கிளம்பியது. நைனாவுக்கு ரயில்வே பாஸ் உண்டு. லீவு மட்டும் கிடைக்க வேண்டும். அது ஐப்பசியில்தான் கிடைக்கும் போலிருந்தது. நான் கடிதம் எழுதினேன். வர வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தச் சமயம் பூஜை விடுமுறை, காலேஜே காலியாக இருக்குமாம். நாங்கள் விடவில்லை. பரீட்சை என்றும், அம்மாவுக்கு ரயில் அலைச்சல் ஆகாது என்றும் இன்னொரு கடிதம் வந்தது. அதற்குள் பாஸ் கைக்கு வந்துவிட்டது. தேதியை எழுதிப் போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. 'வாருங்கள். நான் இங்கேயே இருப்பேன்' என்று தொடங்கி, நாங்கள் போக வேண்டிய வழி முழுக்க அதில் இருந்தது. எந்த மெயில், எந்த ஜங்ஷனில் மாற வேண்டும், எந்தப் பிளாட்பாரத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் வெயில் படாது என்பது வரைக்கும். கூடவே காலேஜின் வரைபடம். கேட், இரண்டு பக்கமும் மரம், தண்ணீர்த் தொட்டி, ஹாஸ்டல், மாடியில் கடைசி ஜன்னல். அதன் மேல் ஓர் அம்புக்குறி போட்டு, 'அறை' என்று எழுதியிருந்தது. 'என் அறை' என்று எழுதவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மெயில் எங்கள் ஊரில் நிற்காது. அதனால் பாசஞ்சரில் சென்ட்ரலுக்குப் போய் மெயில் ஏறி, மறுபடி எங்கள் ஊர் வழியாகவே போனோம். நைனாவின் கேங் ஆட்கள் தண்டவாளத்தோரம் நின்று கை ஆட்டியது கண் மூடித் திறப்பதற்குள் பின்னால் போய்விட்டது. அம்மாவின் மடியில் ஒரு தகர டப்பா. அதில் எள்ளுருண்டை.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் காலேஜ் வாசலில் இறங்கினோம். படத்தில் இருந்தது இருந்தபடியே கண்ணெதிரே இருந்தது. கேட், மரங்கள், தண்ணீர்த் தொட்டி. ஆள் மட்டும் இல்லை. நல்ல வெயில் அடிக்கிறது, ஆனால் ஒரு குரல் கிடையாது. வாட்ச்மேன் ஹாஸ்டல் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மாடி ஏறினோம். நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் பூட்டு, பூட்டு, பூட்டு. எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்குப் பின்னால் வேறு யாரோ வருவது போல எதிரொலித்தது. கடைசிக் கதவு மட்டும் திறந்திருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பையன் ஓடி வந்தான்.

"வந்துட்டீங்களாம்மா? வண்டியில எதாச்சும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டபடி குனிந்து அம்மாவின் காலைத் தொட்டான்.

அவன் என் அண்ணன் இல்லை.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், அறைக்குள் எட்டிப் பார்த்தாள், மகன் அங்கே ஒளிந்துகொண்டிருப்பது போல. அவனோ நைனாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, இடுப்புப் பிடிப்பு தேவலையா என்று கேட்டான். என்னைப் பார்த்து, புருவத்துக் காயம் ஆறிவிட்டதா என்றான். கிணற்று ராட்டினம் இடித்த அந்தக் காயத்தைப் பற்றி நான்தான் ஆவணி மாதம் எழுதியிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒருவன், எங்களோடு பிறந்து வளர்ந்தவன் போல எங்கள் நடுவில் நிற்கிறான்.

"நீ யாருப்பா?" என்றார் நைனா.

அவன் பையைக் கீழே வைத்தான். அறைக்குள் பார்த்தேன். இரண்டு கட்டில், ஒன்றில் படுக்கை இல்லை. மற்றதன் தலைமாட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கள் வீடு. நான் வரைந்த கிணறு, அடுப்பு, கயிற்றுக் கட்டில். பக்கத்தில் திறந்திருந்த டிரங்குப் பெட்டியில் என் கடிதங்கள் அத்தனையும் தேதி வாரியாக அடுக்கிக் கட்டியிருந்தன.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எம்புள்ள உசுரோட கீறானா?"

"இருக்கான்ம்மா" என்று சொல்லிவிட்டு அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் அண்ணனின் அறைத்தோழன். தர்மபுரிப் பக்கத்துக்காரன். இங்கிலீஷில் நடக்கும் பாடம் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லையாம். முதல் பரீட்சையில் எல்லாவற்றிலும் தவறி, வெட்கம் தாங்காமல் தை மாதமே காலேஜை விட்டுவிட்டான். விலகல் கடிதத்தில் நைனாவின் கைநாட்டையும் அவனே வைத்திருக்கிறான். வேலை தேடிக்கொள்ளும் வரை, இரண்டு மாதத்துக்கு மட்டும் என் பெயரில் வீட்டுக்குக் கடிதம் எழுது, பிறகு உண்மையைச் சொல்லிவிடு என்று இவனிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டான். சித்திரையில் அவனிடமிருந்து வந்த ஒரே ஒரு கார்டை இவன் எடுத்து நீட்டினான். வால்டேரில், அதாவது விசாகப்பட்டினத்தில், துறைமுகத்துப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. வருகிற வழியில் அந்த ஊரில்தான் எங்கள் ரயில் அரைமணி நேரம் நின்றது. நாங்கள் இறங்கித் தண்ணீர் பிடித்தோம்.

இரண்டு மாதம் ஆன பிறகும் ஏன் சொல்லவில்லை என்று நைனா கேட்டார். அவனுக்கு அம்மா இல்லையாம். சின்ன வயதிலேயே போய்விட்டாள். மாமா வீட்டில் வளர்ந்தவன். விடுமுறைக்கும் போக இடமில்லாமல் ஹாஸ்டலிலேயே கிடப்பானாம்.

"எனக்கு யாரும் லெட்டர் போட்டதில்லீங்க. உண்மையைச் சொல்லிட்டா இதுவும் வராதேன்னு நினைச்சேன். அடுத்ததுல சொல்லிடலாம், அடுத்ததுல சொல்லிடலாம்னு தள்ளிக்கிட்டே போயிட்டேன்" என்றான்.

நைனா கையை ஓங்கிவிட்டார். அம்மா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நைனா என் பக்கம் திரும்பினார்.

"லெட்டர் எல்லாம் நீதான படிச்ச. உனுக்கு ஒண்ணும் தோணலியா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் வாயில் வரவில்லை. "அது அடிபட்ட கை எழுத்து இல்லன்னு அப்பவே தெரியும் நைனா" என்றேன். அவர் திட்டவில்லை. என்னைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

கிளம்பும்போது அம்மா அந்தத் தகர டப்பாவை அவன் முன்னால் வைத்தாள். "உனுக்குன்னுதான் செஞ்சிருக்கேன் போல கீது. துன்னு" என்றாள். குரலில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. தாழ்வாரத்தைத் தாண்டிப் படி இறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வண்டியைப் பிடித்து வால்டேருக்குத் திரும்பினோம். எங்கள் ஊர் ஆந்திரா எல்லையை ஒட்டி இருப்பதால் நைனாவுக்குத் தெலுங்கு ஓரளவு வரும். என்னையும் அம்மாவையும் ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலில் உட்கார வைத்துவிட்டு, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் ஒவ்வொரு பட்டறையாக விசாரித்துப் போனார். கார்டில் இருந்த பட்டறையை மூடிவிட்டிருந்தார்கள். முதல் நாள் வெறுங்கையோடு வந்தார். அம்மா ஒரு வாய் சோறு தின்னவில்லை. வாசலைக் கடக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நைனா ஓர் ஆளைத் தோளில் கை போட்டு அழைத்து வந்தார். தாடி, வெல்டிங் வெளிச்சத்தில் வீங்கிச் சிவந்த கண்கள், கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. என் அண்ணனை எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சற்றும் தெரியாத ஒருவன் அண்ணன் போல ஓடி வந்ததும், கூடப் பிறந்தவன் அந்நியன் போல எதிரில் வந்து நின்றதும் ஒரே வாரத்தில்.

அம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"ரெண்டு மாசத்துல சொல்லிடுவான்னு வாசலையே பாத்துக்கினு இருந்தேம்மா. யாரும் தேடி வரல. தெரிஞ்சும் என்னை வேணான்னு உட்டுட்டீங்கன்னு நெனச்சிக்கினேன்."

அந்த எட்டு மாதமும் நாங்கள் அவனுக்கு வாரம் தவறாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அவன் எங்களை நினைத்துக்கொண்டு, தகரக் கொட்டகையில் தனியாகப் படுத்திருந்திருக்கிறான்.

அண்ணன் எங்களோடு ஊருக்கு வந்துவிட்டான். சில வருடங்கள் கழித்து கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது, வால்டேரில் கற்ற வெல்டிங்தான் அவனுக்கு நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தது. இன்று அவனுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். காலேஜ் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.

அந்த அறைத்தோழனிடமிருந்து தை மாதம் ஒரு கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தான். கீழே முதல் முறையாக அவனுடைய சொந்தப் பெயர் இருந்தது. பதில் போட வேண்டாம் என்று நைனா சொல்லிவிட்டார். நான் போடவில்லை. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

முன்பெல்லாம் இதை யாரிடமாவது சொல்லும்போது குற்றத்தை முழுக்க அவன் தலையில்தான் வைப்பேன். வயதாக வயதாக அப்படிச் சொல்ல முடியவில்லை. அது அடிபட்ட விரலின் எழுத்து இல்லை என்பது வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் அண்ணனைவிட அந்தக் கடிதங்கள் என்னிடம் அன்பாக இருந்தன. அவை நின்றுவிடக் கூடாது என்றுதான் நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பிடித்துப்போன ஒரு பொய்யை என் சொந்தக் குரலிலேயே உரக்கப் படித்து, பெற்றவர்களை நம்ப வைத்தேனே என்று நினைத்தால், இந்த எழுபது வயதிலும் எனக்கு என் குரலைக் கேட்கவே பயமாக இருக்கிறது.