நான்காவது டயரின் தேதி

24.10.2024 தேதியிட்ட கடிதம் ஒன்று என் மேசையில் இருக்கிறது. "உங்கள் கோடைக்காலச் சக்கரங்கள் நான்கும் எங்களிடம் நலமாக உள்ளன. வரிகளின் ஆழம் இடது முன்பக்கம் 5.1 மில்லிமீட்டர், வலது முன்பக்கம் 5.0. நீங்கள் பெரும்பாலும் சரளைச் சாலையில் ஓட்டுவதாகப் பதிவு செய்துள்ளோம்." எழுதியது ஒரு டெக்ஹோட்டெல். நார்வேக்காரர்களுக்கு டெக் என்றால் டயர். இது டயர்கள் தங்கும் விடுதி. பனிக்காலத்துக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் வைத்திருக்கும் இந்த ஊரில், சும்மா இருக்கும் நான்கையும் கழுவி, பெயர் ஒட்டி, அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுக் கடிதமும் போடுகிறார்கள். ஆனால் ஸ்டவாங்கரில் என் வீட்டுக்கும் நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள நான்கு கிலோமீட்டரில் ஒரு சரளைக் கல் கூடக் கிடையாது.

அந்தப் பிழை என்னுடையதுதான். டயர்களை ஒப்படைத்த அன்று மதியம்தான் ஊரிலிருந்து அப்பா பேசியிருந்தார். வீட்டு டீசல் காரின் நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, தம்பி மனைவி சகாயமேரி பெரம்பலூருக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள் என்றார். கல்லாவில் நின்ற இளைஞன் என்னிடம் எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டபோது, சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திக்கொண்டே போகும் சாலை, ஓரமெல்லாம் உடைந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். தினமுமா என்றான். தினமும்தான் என்றேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கணினியில் தட்டினான். நான் சொன்னது அரியலூர்ச் சாலை. அதில் தினமும் ஓட்டுவது சகாயம்.

அந்தக் கார் 2014 ஜூனில் வந்தது. ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண் நான். வண்டிக்கென்று ஒரு நோட்டுப் போட்டு டேஷ்போர்டில் வைத்தேன். எண்ணெய் மாற்றிய நாள், கிலோமீட்டர், டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் எல்லாம் அதில் ஏறின. அதில் முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம் என்பதையும், அடுத்த இரண்டும் எந்த வருடம் என்பதையும் சொல்லும். டயர் பிறந்த தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்டில் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் நான்கு டயரும் புதிதாக வாங்கிப் போட்டேன். நான் அந்த வீட்டுக்குச் செய்த கடைசி வேலை அது. ஏழு வருடமாக அவர்களை என் டயர்கள்தான் சுமக்கின்றன என்ற நினைப்பு எனக்கு ஒரு ரகசிய ஆறுதல்.

அதனால்தான் அன்று தொலைபேசியில் அப்பாவிடம், "நான் ஜனவரியில வர்றேன்பா. நான் பாத்து வாங்குறேன். அதுவரைக்கும் யாரும் மாத்த வேணாம்" என்றேன். அவர் சரிம்மா என்றார். இடையில் இருப்பது ஐப்பசியும் கார்த்திகையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தேதி பார்த்தே பழகியவள். அந்த ஒரு கணக்கை மட்டும் பார்க்க விரும்பவில்லை.

ஜனவரி 11, சனிக்கிழமை, அப்பா, சகாயம், நான் மூன்று பேரும் பெரம்பலூருக்குப் புறப்பட்டோம். தம்பி ஓசூரில் வேலையாக இருந்தான். வாசலில் நின்று அப்பா "பாப்பா, சாவி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். நான் திரும்பினேன். "எடுத்துட்டேன் மாமா" என்றாள் சகாயம். முப்பது வருடம் அந்த வீட்டில் பாப்பா என்றால் நான். இப்போது என்னை அம்மா என்கிறார், விருந்தாளியைச் சொல்வதுபோல. அரியலூரில் ஆசிரியை வேலை பார்க்கும் அவள், லாரிகளுக்கு நடுவே ஹாரன் கூட அடிக்காமல் வண்டியை நுழைத்து எடுத்தாள். நான் பின்சீட்டில் இருந்து அவளுடைய தவறுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

டயர் கடை பாய் குனிந்து முன் டயரைத் தடவினார். தரையைப் பிடிக்கும் வரிகளை எங்கள் பக்கம் பட்டன் என்பார்கள். "பட்டனே இல்லீங்களே. டீசல் வண்டி, மூக்கு கனம். முன்னாடி ரெண்டும் சுத்த மொட்டை. இதுலயா மழையெல்லாம் ஓட்டுனீங்க?" சகாயம் சிரித்து மழுப்பினாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

ஈரத்தில் பிடிக்கும், சத்தம் குறைந்த, மென்மையான ரகம் ஒன்றை நார்வேயிலேயே படித்துக் குறித்து வந்திருந்தேன். அதைச் சொன்னேன். சகாயத்திடம் கேட்டபோது, பக்கவாட்டு தடியாக இருந்தால் நல்லது, லாரிக்கு ஒதுங்கும்போது தார் விளிம்பில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்றாள். "அண்ணி சொல்றதும் சரிதான்" என்றும் சேர்த்தாள். அந்த உபசாரம்தான் எனக்கு அதிகமாக எரிந்தது. பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி யாருங்க ஓட்டறது?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அப்பா, "பாப்பாதான்" என்று சகாயத்தைக் காட்டினார்.

அப்புறம் என்ன பேசுவது. தடித்த ரகத்தையே போடச் சொல்லிவிட்டு, தேதிகளையாவது நான் எழுதுகிறேன் என்று டேஷ்போர்டிலிருந்து நோட்டை எடுத்தேன். முதல் டயர் 3624, இரண்டாவதும் அதுவே, மூன்றாவது 3824. மூன்றையும் எழுதிவிட்டு முந்தைய பக்கத்தைத் திருப்பியபோதுதான் அவளுடைய பதிவு கண்ணில் பட்டது. என்னைவிட அழகான கையெழுத்து.

"27.11.24. விடாத மழை. மாமாவுக்கு ஆஸ்பத்திரி. பிரேக் போட்டதும் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, லாரிக்கு இரண்டடி முன்னால் நின்றது. மாமா ஜெபமாலையைக் கையில் எடுத்தார். இனி முப்பதுக்கு மேல் போவதில்லை. டயர்: அண்ணி வந்ததும்."

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்து அதை மறுபடியும் படித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன்.

"சொல்லிருந்தா உடனே மாத்துன்னுதான் சொல்லிருப்பீங்க. நீங்க ஆசையா வர்றீங்க, அந்தப் புள்ள பாத்து வாங்கட்டும்னு மாமா சொல்லிட்டாரு. முப்பதுல போனா என்ன அண்ணி, பெல் அடிக்கறதுக்குள்ள போயிட மாட்டேனா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அது போதாதென்று, அந்த இரண்டடி தூரத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள், நான் இல்லை என்பதிலும் பொறாமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. தூரத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் அக்கறை என்று சொல்லித் தொலைபேசியில் போடும் உத்தரவுகளில் எத்தனை இந்த ரகமோ.

நான் எழுந்தபோது நான்காவது டயரை வலது பின்பக்கத்தில் மாட்டி முடித்திருந்தார்கள். இலக்கம் இருக்கும் பக்கம் உள்நோக்கிப் போய்விட்டது. கழற்றிக் காட்டட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். நோட்டில் மூன்று தேதிகளுக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டு, பேனாவைச் சகாயத்திடம் கொடுத்தேன். திரும்பும்போது அப்பா என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். வண்டி எண்பதில் போனது.

ஈஸ்டர் முடிந்து டெக்ஹோட்டெலுக்குப் போனேன். சரளைச் சாலைப் பதிவை மாற்ற வேண்டுமா என்று அதே இளைஞன் கேட்டான். இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன். ஊர்க் காரின் வலது பின் டயர் எந்த வாரத்தில் பிறந்தது என்பது எனக்கு இன்னும் தெரியாது. அடுத்து கழற்றும்போது பார்த்து எழுதிவிடுவதாகச் சகாயம் சொல்லியிருக்கிறாள். அதுவரை: சரிபார்க்கப்படவில்லை.