மூன்று அசையில் திரும்பி வருவது

பிரெஞ்சுக்காரர்கள் எழுதுகிற எழுத்துகளில் பாதியை வாய்விட்டுச் சொல்வதில்லை. பாரிஸுக்கு வெளியே ஓர் உணவகத்தில் ஒன்பது வருடமாக வெங்காயம் உரிக்கிறேன். இது எனக்கு இன்னும் பழகவில்லை. எழுதியாயிற்று, சொன்னால் என்ன குறைந்துவிடும்? வெங்காயத்துக்கு உச்சரிப்பு தேவையில்லை என்பதால் காலம் ஓடியது. இந்த வருடம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். குத்தாலத்தில் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அட்டை இல்லாமல் ஊருக்குப் போகலாம், திரும்ப முடியாது. நான் ஒரே மகன். பயமாகத்தான் இருந்தது.

மொழி வகுப்பில் ஆசிரியை, மதாம் என்றுதான் கூப்பிடுவோம், 'திரும்பி வருவேன்' என்பதற்கான சொல்லைப் பலகையில் எழுதி மூன்றாக வெட்டினார்: ரு-வியான்-த்ரே. நடுவில் இருக்கும் 'ன்' நாக்குக்கு வரக் கூடாது, மூக்கோடு போய்விட வேண்டும். முன்னால் 'நான்' என்று ஒரு சொல் வரும். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றவர்கள் கைதட்டி எண்ணினார்கள். நான் கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டு எண்ணினேன், களத்தில் அப்பா நெல்மூட்டை எண்ணுவதுபோல. எனக்கு நான்கு வந்தது. ரகரத்தில் சொல்லைத் தொடங்க என் நாக்கு சம்மதிக்காமல் முன்னால் ஓர் 'இ'யைப் போட்டுவிடுகிறது. "இந்த 'இ' எங்கிருந்து வந்தது?" என்றார் மதாம். குத்தாலத்திலிருந்து என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

தேர்வில் கண்ணாடி போட்ட ஒருவர் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். வேலை, வீடு, வானிலை. சமாளித்துவிட்டேன். முடிந்ததும் விடைகொடுத்தார். 'போறேன்' என்று சொல்லிவிட்டு ஒரு வாசலைத் தாண்டி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. எழுந்து, கும்பிட்டு, திரும்பி வருவேன் என்றேன். சுத்தமாக மூன்று அசை. மனிதர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "இல்லை இல்லை மெஸ்யே, நீங்கள் திரும்பி வர வேண்டாம்!"

எங்கள் பக்கம் வாசலில் வைத்து இப்படிச் சொன்னால் உறவு அறுந்தது என்று அர்த்தம். பேருந்து நிறுத்தத்திலிருந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"வர வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா."

"நீ என்னப்பா சொன்னே?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"அதுல என்ன தப்பு?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தேர்ச்சி பெற்றதாகக் கடிதம் வந்தது. மறுதேர்வுக்கு வருவேன் என்று அழுத்திச் சொல்வதாக அந்த மனிதர் நினைத்திருக்கிறார் என்று மதாம் விளக்கினார். அட்டையும் கைக்கு வந்தது.

திருக்கடையூரில் அப்பா மாலையும் வெட்கமுமாக அம்மாவுக்கு இரண்டாம் முறை தாலி கட்டினார். நான் அழுதேன், ஓமப்புகை என்று யாரும் நம்பவில்லை. நான்காம் நாள் வீட்டு வாசலில் கார் நின்றது.

"போயிட்டு வரேம்மா."

அம்மா என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "நான் ஒண்ணும் வர வேணாம்னு சொல்ல மாட்டேன். போயிட்டு வா."

கார் கும்பகோணம் ரோட்டைத் தொடும்வரை விரல்கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தேன். போ-யிட்-டு-வ-ரேன், ஐந்து. அங்கே மூன்று. புறப்படுவதற்கு முந்தின நாள் உணவகத்திலும் அந்த மூன்றைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரண்டையும் இப்போது பிழையில்லாமல் சொல்கிறேன். எந்த வாக்கைக் காப்பாற்றப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.