களத்துச் சத்தமும் தம்பியின் கிட்டாரும்

பாறையில் சாய்ந்து நின்ற கிட்டாரைத்தான் முதலில் பார்த்தோம். தம்பியை அப்புறம்தான், கீழே புதருக்கு நடுவில் கண்டுபிடித்தோம். கிட்டாரில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பிகளில் பனித்துளி வரிசையாக நின்றது. இறங்கும் அவசரத்தில் யாரோ கால் தட்ட, அது ஒரு தரம் 'தும்' என்றது. கரடியூர் போகிற மலைப்பாதையில் இருக்கிற அந்தப் பாறையை ஜீப் தாண்டும்போது இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வேன்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலைச்சோலையில் கூலிக்குக் காப்பிப் பழம் பறித்தவன். அதே ஊரில் இன்றைக்கு எனக்குக் காப்பி காயவைக்கிற களம் இரண்டு, ஒண்டிக்கடை முக்கில் ஒரு கடை, வாசலில் ஜீப். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. எல்லாம் என் காது சம்பாதித்தது. காயவைத்த காப்பிக் காயை ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கினால் எனக்குப் போதும். ஈரம் இருந்தால் சத்தம் மொத்தையாக வரும். காய்ந்திருந்தால் உள்ளே கொட்டை கலகலக்கும். இதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது என்கிறார்கள். அந்தக் கருவியை வைத்திருக்கிற படித்தவர்களே என்னிடம் வந்து, "ஏனுங்க, நீங்க ஒருக்கா குலுக்கிப் பாத்துச் சொல்லிப்போடுங்க" என்று நின்றிருக்கிறார்கள்.

தம்பி பள்ளிக்கூடம் ஒன்றில் தோட்ட வேலை பார்த்தான். அங்கிருந்த பாட்டு வாத்தியார் ஊரை விட்டுப் போகும்போது தன் கிட்டாரை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கம்பியெல்லாம் மங்கிப் போனது. தம்பி நகம் படாமல் கட்டைவிரல் சதையால்தான் மீட்டுவான். வெயிலில் கிடந்த சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தால் ஒரு சூடு ஏறுமே, அந்த மாதிரி சத்தம். அதை அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

ஒரு மார்கழி மதியம், வானம் கறுத்து வந்தது. காயை மூட்டை கட்டலாமா, இன்னும் ஒரு வெயில் வேண்டுமா என்று குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் களத்து ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தான். "அந்தத் தொய்ங் தொய்ங்கை நிறுத்துடா. காயி சத்தம் காதுல உழுவல" என்றேன். "உங்க காயி எந்நேரமும் அழுவுதுங்ணா, எம் பொட்டியாச்சும் சிரிக்கட்டும்" என்றான். காய் கிளறிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சிரிக்கறதுன்னா வேற எங்கியாச்சும் போயிச் சிரி, போ" என்று கத்தினேன். பொட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் எதிரில் நிற்கிறவன் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியது. அவன் ராத்திரிக்கும் திரும்பவில்லை; விடிந்ததும் தேடிப் போனோம்.

"அவம் பொட்டி அவனோடயே போவட்டும்" என்று அம்மா சொன்னாள். குழிக்குள் அதை இறக்கி வைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு, களத்தில் மேகம் இறங்கும்போதெல்லாம் அவன் கிட்டார்ச் சத்தம் எனக்குக் கேட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்டது. யாருக்கும் அசையாதவன் என்று பேர் வாங்கிய நான், கையில் இருக்கிற காயைப் போட்டுவிட்டு அப்படியே நிற்பேன். ஊட்டில்கூடச் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது நின்றுபோனது. மேகம் வரும், சும்மா போகும். கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

கல்லூரியில் படிக்கிற பேத்தி கிட்டார் வேண்டும் என்றதும் அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு நானே கிளம்பினேன். "மெத்துனு இருக்கோணுமுங்க. வெயில்ல கெடந்த சாக்குல கைய வெச்சாப்பல" என்றேன். கடைக்காரர், "சாக்குக் கடை அடுத்த தெருவுலீங்க" என்று சிரித்தபடியே ஒன்றை எடுத்து மீட்டினார். அதே சத்தம். "இதையே கட்டுங்க" என்றேன். பேத்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "தாத்தா, இது நொம்பக் கணீர்னு அடிக்குது. இன்னும் நாலு கேட்டுப் பாக்கலாம்." "எங்காதுக்கா சொல்லித் தர்ற கண்ணு?" என்று வாயை அடைத்துவிட்டேன். ஊட்டுக்கு வந்து அவள் வாசித்தபோது வாசலில் மேகம் நின்றது. தம்பி வந்துவிட்டான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே, நான் சரி என்று சொல்லி அனுப்பிய காப்பி ஈரம் என்று திரும்பி வந்தது. மூட்டைக்குள் பூசணம். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. மகன் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். கூர்மையான சத்தமெல்லாம் என் காதை விட்டுப் போய்விட்டது, கனத்த சத்தம் மட்டும்தான் விழுகிறது என்றார் டாக்டர். ஈரக் காயும் காய்ந்த காயும் எனக்கு ஒரே மாதிரி கேட்டிருக்கிறது. காதில் ஒரு மெஷினை மாட்டிவிட்டார். நேராகக் களத்துக்குப் போய் ஒரு பிடி அள்ளிக் குலுக்கினேன். இருபது வயதில் கேட்ட அதே கலகலப்பு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊட்டுக்குள் போனேன். பேத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது.

"இது எப்பருந்து கண்ணு இப்படி அடிக்குது?"

"மொதல்ல இருந்தே இப்படித்தான் தாத்தா. நாந்தான் கடையிலயே சொன்னனே. குடுத்துட்டு வேற மாத்திக்கலாமா?"

மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி வாசிக்கச் சொன்னேன். தம்பி வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. மறுநாள்தான், மெல்ல, தூரத்திலிருந்து வருகிற மாதிரி வந்தான். இரண்டு மூன்று தரம் சோதித்துப் பார்த்துவிட்டேன். மெஷினைப் போட்ட நாளில் அவன் வருவதில்லை. கிட்டாரை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். பேத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நேற்று களத்திலிருந்து மகன் வந்து என் பக்கத்தில் குனிந்து கத்தினான்: "அப்பா, மெஷினப் போட்டுக்கிட்டு வாங்க. காயி பாக்கோணும்."

"நீயே பாத்துக்க சாமி" என்றேன். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், காய்ச்சலோ என்று.

மெஷினைப் போடாமலே கூடப் போய்க் களத்தில் நின்றேன். அவன் ஒரு பிடி அள்ளினான், காதருகே குலுக்கினான். பிறகு கையை என் காதுக்குக் கொண்டுவந்து அங்கேயும் குலுக்கிவிட்டு, சரிதானா என்று கண்ணால் கேட்டான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.